ஆசிரியர் தேர்வுக்கு இலக்கியம் படிப்பவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

நெல்லிக்குப்பம் வாசகி: முதுகலைத் தமிழாசிரியர் தேர்வுக்கு இரண்டாம் முறையாகப் படிக்கிறேன். வழிகாட்டி நூல்களில் உள்ள ‘நூல் – ஆசிரியர்’ பட்டியல்களை மனப்பாடம் செய்தும், பாரதிதாசன், வாணிதாசன், தமிழ்ஒளி ஆகியோரின் நூல்கள் தேர்வறையில் குழம்பிவிடுகின்றன. என்ன வழி?

உங்கள் நினைவாற்றலைக் குறை சொல்ல வேண்டாம். குறை அந்தப் பட்டியல்களில்தான் இருக்கிறது. ஒருவருக்குக் கீழே பத்து நூற்பெயர்களை அடுக்கி, அடுத்தவருக்கு இன்னொரு பத்தை அடுக்கினால், எந்தப் பெயர் எதனோடு மோதும் என்பது கண்ணில் படாது. வினா அமைப்பவரோ அந்த மோதலைத்தான் தேடுகிறார். ஆகவே, மோதும் பெயர்களை மட்டும் ஒரு தனித் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ‘தமிழச்சியின் கத்தி’ பாரதிதாசனுடையது, ‘தமிழச்சி’ வாணிதாசனுடையது. ‘வீரத்தாய்’ பாரதிதாசன், ‘வீராயி’ தமிழ்ஒளி, ‘வீரகாவியம்’ முடியரசன். ‘குயில் பாட்டு’ பாரதியாரின் கவிதை. ‘குயில்’ பாரதிதாசன் நடத்திய இதழ். ‘கண்ணகி புரட்சிக் காப்பியம்’, ‘மணிமேகலை வெண்பா’ ஆகிய இரண்டும் பாரதிதாசனுடையவை என்பதால் ‘மாதவி காவிய’த்தையும் அவர் கணக்கிலேயே சேர்த்துவிடுவோர் உண்டு, அதைப் பாடியவர் தமிழ்ஒளி.

அடுத்ததாக, இவர்களைத் தனித்தனி ஆட்களாகப் படிக்காமல் ஒரு மரபாகப் படியுங்கள். 1908இல் புதுவைக்கு வந்த பாரதியார் 1918 வரை அங்கே வாழ்ந்தார். அவரிடம் பழகிய கனக சுப்புரத்தினம் பாரதிதாசன் ஆனார். அந்தச் சுப்புரத்தினத்துக்குத் தாசனாகத் தம்மைச் சொல்லிக்கொண்ட இராசகோபாலன், சுப்புரத்தினதாசன் என்ற பெயரைச் சுருக்கிச் சுரதா ஆனார். வில்லியனூரில் பிறந்த வாணிதாசனும், உங்கள் ஊருக்குத் தொலைவில்லாத குறிஞ்சிப்பாடியை அடுத்த ஆடூரில் பிறந்த தமிழ்ஒளியும் பாரதிதாசனிடம் பயின்றவர்கள். வாணிதாசனின் இயற்பெயர் எத்திராசலு என்ற அரங்கசாமி என்பதும், தமிழ்ஒளியின் இயற்பெயர் விசயரங்கம் என்பதும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்கும்போது தாமாகவே நிற்கும். பாரதிதாசனின் நூல்களில் ‘பிசிராந்தையார்’ நாடகம் என்பதையும், அதற்கான சாகித்திய அகாதெமி விருது அவர் மறைந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1969இல் வந்தது என்பதையும் அடிக்கோடிட்டு வையுங்கள்.

முத்தியால்பேட்டை வாசகர்: வினாக்கள் எல்லாம் கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கொள்குறி வகையில்தானே வருகின்றன? மூலநூல்களைப் படிப்பது நேர விரயம் என்கிறார் என் நண்பர்.

கம்பராமாயணம் முழுவதையும் தேர்வுக்காகப் படிக்கச் சொன்னால் உங்கள் நண்பர் பக்கம்தான் நிற்பேன். ஆனால் ஒரே மாலையில் படித்து முடிக்கக்கூடிய நூல்களும் பாடத்திட்டத்தில் இருக்கின்றன. அவற்றுக்கும் குறிப்பேட்டையே நம்புவது சோம்பல். ‘குயில் பாட்டை’ எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரிலேயே தொடங்குகிறது: “செந்தமிழ்த் தென்புதுவை யென்னுந் திருநகரின் மேற்கே, சிறுதொலையில் மேவுமொரு மாஞ்சோலை”. அந்தச் சோலையில் குயில் கவிஞனிடம் காதல் சொல்கிறது; பிறகு அதே மொழியில் குரங்கிடமும், மாட்டிடமும் காதல் சொல்லக் கவிஞன் கேட்டுக் கொதிக்கிறான். முற்பிறப்பில் குயில் சின்னக்குயிலி என்னும் வேடர்குலப் பெண், மாடு அவளுடைய மாமன் மகன் மாடன், குரங்கு நெட்டைக்குரங்கன், கவிஞன் சேர இளவரசன். இவ்வளவும் சொல்லிவிட்டு, “வேதாந்தமாக விரித்துப் பொருளுரைக்க யாதானுஞ் சற்றே இடமிருந்தாற் கூறீரோ?” என்று முடிக்கிறார் பாரதியார். ஒரு முறை படித்தவருக்குப் பாத்திரப் பெயர், யாப்பு (கலிவெண்பா), கதை நிகழுமிடம், முடிப்பு ஆகிய நான்கு வகை வினாக்களுக்கும் விடை கையில் இருக்கும். குறிப்பேட்டில் படித்தவருக்கு மாடன் யார், நெட்டைக்குரங்கன் யார் என்பது மாறி மாறித்தான் வரும்.

‘பாஞ்சாலி சபதம்’ சற்று நீளம். அதற்கு முகவுரையையும், சருக்கப் பிரிப்பையும், சபதச் சருக்கத்தையும் படித்தால் போதும் என்பது என் கருத்து. அழைப்பு, சூதாட்டம் என்னும் இரு சருக்கங்கள் கொண்ட முதற்பாகம் 1912இல் வெளிவந்தது. அடிமை, துகிலுரிதல், சபதம் என்னும் மூன்று சருக்கங்கள் கொண்ட இரண்டாம் பாகம் கவிஞர் மறைந்த பிறகு 1924இல்தான் அச்சேறியது. முகவுரையில் வரும் “எளிய பதங்கள், எளிய நடை” என்ற தொடரைக் கொடுத்து எந்த நூலின் முகவுரை என்று கேட்பது வினாத்தாள்களுக்குப் பிடித்த பழக்கம்.

பண்ருட்டி வாசகி: பக்தி இலக்கியமும் சைவ சித்தாந்த சாத்திரங்களும் எனக்குப் பிடிபடவே இல்லை. திருமுறை எண்களும் சாத்திர ஆசிரியர்களும் மனத்தில் தங்க மறுக்கின்றன.

பண்ருட்டியில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? நீங்கள் பேருந்தில் கடக்கும் ஊர்களில்தான் பாதிப் பாடம் இருக்கிறது. திருநாவுக்கரசர் மருணீக்கியாராகப் பிறந்தது திருவாமூர். சூலை நோய் தீரத் தமக்கை திலகவதியார் முன்னிலையில் “கூற்றாயினவாறு விலக்ககிலீர்” என்று முதற்பதிகம் பாடியது திருவதிகை. கல்லில் கட்டிக் கடலில் இடப்பட்டபோது பாடியது “சொற்றுணை வேதியன்”. கரையேறிய திருப்பாதிரிப்புலியூரில் பாடியது “ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய்”. சைவப் பக்தி நூல்களின் பன்னிரண்டு தொகுதிகளான திருமுறைகளில், இந்த மூன்று பதிகங்களும் நான்காம் திருமுறையில் உள்ளவை. அவருடையவை நான்கு, ஐந்து, ஆறு என்பது நிலைத்துவிட்டால், முன்னுள்ள மூன்று சம்பந்தருக்கு, பின்னுள்ள ஏழு சுந்தரருக்கு, எட்டு மாணிக்கவாசகருக்கு என்று இரு பக்கமும் எண்ணிக்கொண்டு போகலாம். பன்னிரண்டாவதான பெரியபுராணத்தைப் படிக்கும்போது, சுந்தரரின் திருத்தொண்டத்தொகை, நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதி, சேக்கிழாரின் விரிநூல் என்ற வரிசையைக் கால ஒழுங்கோடு சேர்த்தே படியுங்கள்.

சாத்திரங்கள் பதினான்கில் எட்டை எழுதியவர் உமாபதி சிவாச்சாரியார் ஒருவரே. எனவே மற்ற ஆறுக்குத்தான் ஆசிரியர்களை நினைவில் வைக்க வேண்டும். திருவுந்தியாரும் திருக்களிற்றுப்படியாரும் உய்யவந்த தேவர் என்னும் ஒரே பெயருடைய இருவருடையவை. முன்னவர் திருவியலூர், பின்னவர் திருக்கடவூர். பெண்ணாகடத்தில் பிறந்த மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் சிவஞானபோதம் செய்தார். திருத்துறையூர் அருள்நந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரையும் இருபா இருபதையும் தந்தார். உண்மை விளக்கம் உங்கள் திருவதிகையைச் சேர்ந்த மனவாசகங்கடந்தாருடையது. சைவ சித்தாந்தத்தின் குரு மரபினரான சந்தானக் குரவர் நால்வரில் ஒருவரான மறைஞான சம்பந்தருக்கு இந்தப் பதினான்கில் நூல் எதுவும் இல்லை. நான்கு விடைகளில் ஒன்றாக அவர் பெயர் வந்தால் ஏமாற வேண்டாம்.

விருத்தாசலம் வாசகர்: ஜெயகாந்தனுக்கு ஞானபீட விருது பெற்றுத் தந்த நாவல் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்று ஒரு வழிகாட்டி நூலில் உள்ளது. சரியா?

சரியன்று. கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்த அவருக்கு அந்த நாவல் பெற்றுத் தந்தது 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது. 2002ஆம் ஆண்டுக்கான ஞானபீடம் அவருடைய எழுத்துப்பணி முழுமைக்குமானது. அதற்கு முன் ஞானபீடம் பெற்ற தமிழரான அகிலனுக்கு ‘சித்திரப்பாவை’ என்ற ஒரு நூலுக்காக அவ்விருது கிடைத்தது. பின்னர் விருதின் முறை மாறியது. அகிலனின் சாகித்திய அகாதெமி நூல் ‘வேங்கையின் மைந்தன்’. இந்த நான்கையும் ஒரே கட்டமாக எழுதிப் படித்தால் போதும்.

லாஸ்பேட்டை வாசகி: கி. ராஜநாராயணனைப் புதுவை எழுத்தாளர் என்று எழுதலாமா?

புதுவையில் நெடுங்காலம் வாழ்ந்து அங்கேயே 2021இல் மறைந்தவர் என்றாலும், தேர்வில் அவர் கரிசல் எழுத்தாளர்தான். ஊர் இடைசெவல், விருது நூல் ‘கோபல்லபுரத்து மக்கள்’.

கடலூர் முதுநகர் வாசகர்: பாடத்துக்கு 110, கல்வியியலுக்கு 30, பொது அறிவுக்கு 10 மதிப்பெண்கள் என்ற நிலையில், ஆனந்தரங்கப் பிள்ளை போன்றவர்களுக்கு நேரம் ஒதுக்க வேண்டுமா?

அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். அதற்குரிய பயன் உண்டு. புதுவையின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேவின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த அவர் 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு உரைநடை வரலாற்றில் வரும். ஆங்கில நாட்குறிப்பாளர் பெப்பிசோடு ஒப்பிட்டுச் சொல்லும் ‘இந்தியாவின் பெப்பிசு’ என்ற அடைமொழி பொருத்துக பகுதியில் வரும். அவர் காலத்தை நாவலாக்கிய பிரபஞ்சனின் ‘வானம் வசப்படும்’ 1995ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது நூலாக இக்கால இலக்கியத்தில் வரும். ‘ஆனந்தரங்கன் கோவை’ என்ற பெயரைப் பார்த்தவுடன் அதையும் அவரே எழுதினார் என்று குறித்துவிடாதீர்கள். அதில் அவர் பாட்டுடைத் தலைவர். பாடியவர் தியாகராய தேசிகர்.