கார்ட் மாத்தும்போது கை ஏன் தடுமாறுது?

கீபோர்டுல சி மேஜர் கார்ட் (மூணு கட்டைய ஒண்ணா சேர்த்து அமுக்குறது) நல்லா வருது, எஃப், ஜி-க்கு போறப்ப மட்டும் கை குதிச்சு பாட்டு நின்னுடுதுன்னு கேட்டிருக்கீங்க. ஆரம்பிக்கிற எல்லாருக்கும் வர்றதுதாங்க, விரல்ல குறையில்ல, குதிக்கவே தேவையில்லங்கறத யாரும் சொல்லித் தர்றதில்ல அவ்ளோதான்.

வலது கைய சி-ஈ-ஜி கட்டைங்க மேல வைங்க, கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல். இப்ப எஃப் கார்டுன்னா எஃப்-ஏ-சி, அதுல சி ஏற்கனவே உங்க கட்டைவிரலுக்குக் கீழயே இருக்கு பாருங்க, அத எடுக்காம ஈ-ய எஃப்-க்கும் ஜி-ய ஏ-க்கும் நகர்த்துனா போதும், சி-எஃப்-ஏ, எஃப் கார்ட் ரெடி. சி-ஈ-ஜி-ல இருந்து ஜி கார்டுக்குப் போறப்ப சுண்டுவிரல் அப்படியே ஜி-லயே இருக்கட்டும், கட்டைவிரல் ஒரு கட்டை கீழ பி-க்கு, ஆள்காட்டி விரல் டி-க்கு. ஏ மைனர் இன்னும் ஈஸி, சி-ஈ-ஜி-ல ஜி மட்டும் ஏ ஆகுது. இதத்தான் இன்வர்ஷன்னு சொல்றாங்க, அதே ஸ்வரங்கதான், அடுக்குற வரிசை மட்டும் வேற.

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிஞ்சவங்கன்னா, ச-க-ப சேர்த்து அமுக்குனா கார்ட், அந்தர காந்தாரம்னா மேஜர், சாதாரண காந்தாரம்னா மைனர். எனக்கு இது புரிஞ்ச அன்னிக்கு அவ்ளோ சந்தோஷம்!

மெட்ரோனோம (சீரா தாளம் தட்டுற கருவி) நிமிஷத்துக்கு 60 அடில வச்சு ஒரு கார்டுக்கு நாலு அடி, சி-ஏ மைனர்-எஃப்-ஜி சுத்திச் சுத்தி தினம் பத்து நிமிஷம் வாசிங்க. மணிக்கட்டு இறுகுச்சுன்னா உடனே நிறுத்திட்டு கைய உதறுங்க, வலியோட வாசிக்கவே வேணாம். இடது கைக்கு இப்போதைக்கு அந்தந்த கார்டோட பேர் இருக்கிற ஒரே ஒரு கட்டை போதும்.