வேர்ட்பிரஸ் பிளகின்கள்: எதை வைக்கலாம், எதை எடுக்கலாம்?

கேள்வி: மாடித்தோட்டம் பற்றித் தமிழில் வலைப்பதிவு எழுதி வருகிறேன். சொந்த ஹோஸ்டிங்கில் வேர்ட்பிரஸ். யார் எதை நல்லது என்றாலும் நிறுவி நிறுவி, இப்போது முப்பது பிளகின்களுக்கு மேல் சேர்ந்துவிட்டன. பக்கம் திறக்கத் தாமதமாகிறது. கூகுள் தேடலில் பதிவு முன்னால் வர உதவும் எஸ்இஓ பிளகினோ எந்தப் பதிவுக்கும் பச்சை விளக்கு காட்டுவதில்லை. உண்மையில் எவை தேவை?

பதில்: எண்ணிக்கையை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஆளுக்கொரு சின்ன வேலை செய்யும் இருபது பிளகின்களோடு வேகமாக ஓடும் தளங்கள் உண்டு. பக்கங்களை இழுத்துவைத்து வடிவமைக்கும் கனமான பேஜ் பில்டர் ஒன்றே தளத்தைத் திணறடிப்பதும் உண்டு. கவனிக்க வேண்டியது வேறு. பிளகின் என்பது இன்னொருவர் எழுதிய நிரல். அதை இயக்கிய நொடியிலிருந்து உங்கள் டேட்டாபேஸ், கோப்புகள், பயனர் கணக்குகள் எல்லாவற்றையும் தொடும் அதிகாரம் அதற்கு வந்துவிடுகிறது. அதனால் ஒவ்வொன்றைப் பற்றியும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இந்த வேலையை வேர்ட்பிரஸே செய்யாதா? இதை எழுதியவர் இன்னும் பராமரிக்கிறாரா?

முதல் கேள்வியிலேயே பல பிளகின்கள் கழன்றுவிடும். 2020 ஆகஸ்டில் வந்த 5.5 பதிப்பிலிருந்து, தேடுபொறிகளுக்கான பக்கப் பட்டியலான சைட்மேப்பை வேர்ட்பிரஸே உருவாக்குகிறது. படங்களைத் தேவைப்படும்போது மட்டும் இறக்கும் லேசி லோடிங்கும் அதிலேயே வந்துவிட்டது. 2,560 பிக்சலைத் தாண்டும் படத்தை 5.3 பதிப்பிலிருந்தே அது சுருக்கிக்கொள்கிறது. அளவில் சிறிய வெப்பி (WebP) வடிவப் படங்களை 5.8 முதல் நேரடியாக ஏற்றலாம். பிளாக் தீம் (முழுத் தளத்தையும் பிளாக் எடிட்டரிலேயே வடிவமைக்கும் தீம்) வைத்திருந்தால், 2024-இல் வந்த 6.5 பதிப்பின் எழுத்துரு நூலகத்திலிருந்து நோட்டோ சான்ஸ் தமிழ், காட்டமரான் போன்ற தமிழ் எழுத்துருக்களைத் தளத்திலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம். இந்த வேலைகளுக்கென்று தனித்தனியாகப் பிளகின் வைத்திருந்தால், எடுத்துவிடுங்கள்.

கட்டாயம் இருக்க வேண்டியது பேக்கப். அப்டிராஃப்ட்பிளஸின் இலவசப் பதிப்பே போதும். கூகுள் டிரைவுக்கு அனுப்பும்படி அமைத்துவிடுங்கள். பேக்கப்பை அதே ஹோஸ்டிங்கில் வைத்தால் சர்வர் போகும்போது அதுவும் சேர்ந்து போகும். பிறகு குப்பைப் பின்னூட்டங்களைத் தடுக்க ஒன்று. அகிஸ்மெட் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் விளம்பரமோ விற்பனையோ உள்ள தளங்களுக்கு அது இலவசம் இல்லை. உங்கள் தளத்தில் விளம்பரம் ஓடினால் ஆன்டிஸ்பாம் பீயைப் பாருங்கள். தொடர்புப் படிவத்துக்குக் கான்டாக்ட் ஃபார்ம் 7 எளிமையானது. ஆனால் அது வரும் செய்திகளைத் தளத்தில் சேமிக்காது, மின்னஞ்சலாக மட்டும் அனுப்பும். அஞ்சல் வந்து சேராவிட்டால் செய்தி போனதுதான். அதனால் அதே ஆசிரியரின் ஃபிளமிங்கோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேகத்துக்கு, உருவான பக்கத்தைச் சேமித்து வைத்து உடனே காட்டும் கேஷ் பிளகின் ஒன்றே ஒன்று. முதலில் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் எந்த சர்வர் என்று கேளுங்கள். லைட்ஸ்பீட் என்றால் லைட்ஸ்பீட் கேஷ். இல்லையென்றால் டபிள்யூபி சூப்பர் கேஷ். இரண்டு கேஷ் பிளகின்களை ஒன்றாக ஓட்டுவதுதான் நான் அடிக்கடி காணும் கோளாறு. பதிவைத் திருத்தியும் வாசகருக்குப் பழைய பக்கமே தெரிகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

இப்போது அந்தப் பச்சை விளக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழில் எழுதுகிறவர்கள் பலரின் நடையையே இது கெடுத்துக்கொண்டிருக்கிறது. யோஸ்ட் போன்ற எஸ்இஓ பிளகினில் 'மாடித்தோட்டம்' என்று குறிச்சொல் (வாசகர் கூகுளில் தேடும் சொல்) கொடுக்கிறீர்கள். பதிவில் நீங்கள் எழுதுவதோ 'மாடித்தோட்டத்தில்', 'மாடித்தோட்டத்துக்கு', 'மாடித்தோட்டமும்'. நமக்கு எல்லாம் ஒரே சொல்தான். பிளகினுக்கு அப்படி இல்லை. வேற்றுமை உருபு ஏறியதும் சொல்லின் வடிவம் மாறிவிடுகிறது, அதைச் சேர்த்துப் பார்க்கும் வசதி தமிழுக்கு அதில் இல்லை. எனவே பத்து இடத்தில் எழுதியிருந்தாலும் 'குறிச்சொல் போதவில்லை' என்று சிவப்பு காட்டும். விளக்கைப் பச்சையாக்க வேண்டும் என்று 'மாடித்தோட்டம் வைப்பது எப்படி, மாடித்தோட்டம் பயன்கள், மாடித்தோட்டம் மண்' என்று எழுத ஆரம்பித்தால் படிக்கிறவர் எழுந்து போய்விடுவார். தயவுசெய்து அந்த விளக்குக்காக ஒரு வரியைக்கூட மாற்றாதீர்கள். அமைப்புகளுக்குள் போய் எஸ்இஓ ஆய்வு, வாசிப்பெளிமை ஆய்வு இரண்டையும் அணைத்துவிடலாம்.

அப்புறம் எஸ்இஓ பிளகின் எதற்கு? தேடல் முடிவில் வரும் தலைப்பையும் விளக்கத்தையும் நீங்களே எழுத. வாட்ஸ்அப்பிலோ ஃபேஸ்புக்கிலோ இணைப்பைப் பகிரும்போது சரியான படம் வர. இவை வேர்ட்பிரஸில் தானாக வராதவை. யோஸ்ட், ரேங்க் மேத், தி எஸ்இஓ ஃபிரேம்வொர்க் ஆகிய மூன்றில் எதுவானாலும் சரி. ஒன்று மட்டும்.

தமிழ்ப் பதிவருக்கு இதைவிட முக்கியமானது பெர்மாலிங்க், அதாவது பதிவின் இணைய முகவரி. தலைப்பைத் தமிழில் வைத்தால் முகவரியும் தமிழிலேயே உருவாகிறது. ஆனால் உள்ளுக்குள் ஒவ்வொரு குறியும் சதவீதக் குறியும் எண்ணும் எழுத்துமாக மாறி 9 இடங்களை எடுத்துக்கொள்கிறது. மெய்யின் புள்ளிக்குத் தனி 9, 'கி'யின் கொக்கிக்குத் தனி 9. மொத்தம் இருப்பதோ 200 இடங்கள். 'ஆடிப்பட்டத்தில் அவரை விதைப்பது எப்படி' என்று தலைப்பு வைத்துப் பாருங்கள்: முகவரி 'ஆடிப்பட்டத்தில்-அவரை-வித' என்பதோடு அறுந்து நிற்கும். பகிரும்போது பல இடங்களில் அது வாசிக்கவே முடியாத நீண்ட குறிக்கூட்டமாகவும் தெரியும். இதற்குப் பிளகின் வேண்டாம். பதிவை வெளியிடும் முன் வலப்பக்கத்தில் முகவரிப் பெட்டியில் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல் தட்டினால் முடிந்தது. வெளியான பதிவின் முகவரியை மாற்றினாலும், பழைய இணைப்பில் வருபவரை வேர்ட்பிரஸே புதியதுக்கு அனுப்பிவைக்கும். ஆனாலும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய பதிவுகளை நோண்டாமல் விடுவதே நல்லது.

எழுதியவர் இன்னும் பராமரிக்கிறாரா என்ற இரண்டாவது கேள்விக்குப் பதில், பிளகினின் அதிகாரப்பூர்வப் பக்கத்திலேயே இருக்கிறது. கடைசியாக எப்போது அப்டேட் ஆனது, எந்தப் பதிப்புவரை சோதித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நட்சத்திரங்களைவிட உதவிப் பகுதியைத்தான் நான் நம்புவேன்: கேட்பவர்களுக்கு ஆசிரியர் பதில் சொல்கிறாரா, அல்லது கேள்விகள் மாதக்கணக்கில் அநாதையாகக் கிடக்கின்றனவா? கைமாறிய பிளகின் என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ் என்ற பிளகின் ஏறத்தாழ 2 லட்சம் தளங்களில் இருந்தது. 2017-இல் அதை விலைக்கு வாங்கியவர்கள் அப்டேட் வழியாகவே ஸ்பாம் பக்கங்களை நுழைக்கும் பின்வாசலை வைத்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் அது பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. கட்டணப் பிளகின்களின் உரிமப் பூட்டை உடைத்த 'நல்டு' பிரதிகளை டெலிகிராம் குழுக்களில் சும்மா தருகிறார்களே, அவற்றைத் தொடவே தொடாதீர்கள். டபிள்யூபி-விசிடி என்ற தீநிரல் பரவியதே அப்படிப்பட்ட பிரதிகளில்தான்.

சரி, முப்பதிலிருந்து எப்படி இறங்குவது? முதலில் முழு பேக்கப் எடுத்து, அது டிரைவில் வந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். எது இழுக்கிறது என்று தெரிய குவெரி மானிட்டரை நிறுவுங்கள். எந்தப் பிளகின் டேட்டாபேஸை எத்தனை முறை கேட்கிறது, எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பிரித்துக் காட்டும். பார்த்து முடித்ததும் அதையும் எடுத்துவிடலாம். ஹெல்த் செக் அண்ட் டிரபிள்ஷூட்டிங் என்ற பிளகின் இன்னும் உதவும். அதன் சோதனை நிலையில் எல்லாப் பிளகின்களும் உங்கள் கண்ணுக்கு மட்டும் அணைந்திருக்கும், வாசகர்களுக்குத் தளம் வழக்கம்போல ஓடும். ஒவ்வொன்றாக இயக்கி, எது இல்லாவிட்டால் எது உடைகிறது என்று பொறுமையாகப் பார்க்கலாம்.

வேண்டாம் என்று முடிவானதை டீஆக்டிவேட் செய்தால் (அணைத்தால்) மட்டும் போதாது. கோப்புகள் சர்வரில் இருக்கும்வரை அதிலுள்ள ஓட்டையும் இருக்கும், டெலீட் கொடுங்கள். ஸ்லைடர், கேலரி, அட்டவணை போன்றவற்றை நீக்கினால் பழைய பதிவுகளின் நடுவே சதுர அடைப்புக்குள் அதன் ஷார்ட்கோடு (பிளகினை அந்த இடத்தில் அழைக்கும் குறுங்குறி) அப்படியே எழுத்தாகத் தெரியும். அதனால் நீக்குவதற்கு முன்பே டாஷ்போர்டின் பதிவுகள் பக்கத்துக்குப் போய், தேடல் பெட்டியில் திறக்கும் சதுர அடைப்போடு அந்த ஷார்ட்கோடின் பெயரைத் தட்டுங்கள். அது இருக்கும் பதிவுகள் மட்டும் வரிசையாக வரும். ஐந்தாறு என்றால் உட்கார்ந்து திருத்திவிட்டுப் பிளகினை எடுத்துவிடலாம். நூற்றுக்கணக்கில் வந்தால், அந்தப் பிளகின் இப்போதைக்கு இருக்கட்டும். புதிய பதிவுகளில் மட்டும் அதைப் பயன்படுத்தாமல் விடுங்கள்.