சம்ப்பில் சேர்த்த மழைநீர் ஏன் நாறுகிறது?

கேள்வி: தாம்பரம் பக்கம் தனி வீடு. மொட்டை மாடி 1000 சதுர அடி. மழைநீரை ஜல்லி, மணல், கரி போட்ட தொட்டி வழியாக 8000 லிட்டர் சம்ப்பில் (தரைக்கடித் தொட்டி) விடுகிறோம். பத்தே நாளில் நாற்றம். சுவரில் பச்சை வேறு. கரியை மாற்றினால் சரியாகுமா? குடிக்கலாமா?

பதில்: கரி மேல் பழி போடாதீர்கள். மாடியில் காய்ந்து கிடக்கும் புறா எச்சம், சருகு, தூசி எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு வருவது முதல் தண்ணீர்தான். மணல் சருகை நிறுத்தும். கரைந்து வரும் எச்சத்தை நிறுத்தாது. அது சம்ப்பின் அடியில் தங்கி அழுகுகிறது.

அந்த முதல் தண்ணீரை வெளியே விட வேண்டும். எவ்வளவு? ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். உங்கள் மாடி சுமார் 93 சதுர மீட்டர்; முதல் 2 மி.மீ. மழைக்கே 186 லிட்டர் ஆகிவிடும். பிளம்பர்கள் இதற்கென 4 அங்குல பைப்பை ஆறடிக்கு இறக்கி அடியில் மூடி போட்டுத் தருவார்கள். பார்க்க நன்றாக இருக்கும், பிடிப்பதோ 15 லிட்டர்தான்! அதற்குப் பதில் 200 லிட்டர் டிரம் வையுங்கள். மாடியிலிருந்து வரும் பைப்பில், டிரம்முக்குச் சற்று மேலே, ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு டிரம்முக்குள் கிளை இறக்கினால், டிரம் நிறைந்ததும் தண்ணீர் வடிகட்டும் தொட்டிக்குத் திரும்பும். டிரம் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கேயே வழிந்துவிடும். அடியில் குழாய் வைத்து, மழை விட்டதும் மறக்காமல் காலி செய்யுங்கள். இதெல்லாம் தொல்லை என்றால், பைப்பில் ஒரு வால்வ் போட்டு முதல் கால் மணி நேர மழையைக் கையாலேயே வெளியே திருப்பலாம். வீட்டில் ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பச்சைக்குக் காரணம் வெளிச்சம். சம்ப் மூடியின் இடுக்கை அடைத்துவிடுங்கள். ஓவர்ஃப்ளோ பைப்புக்குக் கொசுவலை கட்டுங்கள்.

இப்போது உள்ள தண்ணீரைச் செடிக்கு விட்டு, சம்ப்பைத் தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம் சேரும் தண்ணீர் தெளிவாக, வாடையில்லாமல் இருந்தால் பிளீச்சிங் பவுடர் போடலாம்: 1000 லிட்டருக்கு 2.5 கிராம், நிறைந்த சம்ப்புக்கு 20 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு மேல் தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விடுங்கள். குடிப்பதற்குக் கொதிக்கவைத்தே ஆக வேண்டும். மழைநீரில் உப்பு மிகக் குறைவு, அதனால் உப்பை நீக்கும் ஆர்.ஓ. கருவி வாங்காதீர்கள்.