செம்பு வாட்டர் பிளாக்: கேள்வி – பதில்

கேள்வி: கம்ப்யூட்டர் பிராசஸரைத் தண்ணீரால் குளிர்விக்க, 50 மி.மீ. சதுரச் செம்புக் கட்டையில் வாட்டர் பிளாக் (உள்ளே தண்ணீர் ஓடும் வாய்க்கால் கொண்ட கட்டை) செய்து, பழைய பைக் ரேடியேட்டரோடு இணைத்தேன். மூன்றே மாதத்தில் தண்ணீரில் வெள்ளைக் கசடு. பிராசஸர் சூடும் ஏறுகிறது. உப்புக்காற்றா காரணம்?
– வாசகர், குளச்சல்

பதில்: கடற்காற்றின் மேல் பழி வேண்டாம், மூடிய குழாய்க்குள் அது நுழையாது. பைக் ரேடியேட்டர் பெரும்பாலும் அலுமினியம். செம்போடு ஒரே தண்ணீரில் இருந்தால் பேட்டரி மாதிரிதான்: அலுமினியம் அரிபடும், அந்தக் கசடு பிளாக்கின் குறுகிய வாய்க்கால்களை அடைக்கும். செம்பு–பித்தளை ரேடியேட்டருக்கு மாறுங்கள். கிணற்றுத் தண்ணீர் ஆகாது, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள்.

பிளாக்கைப் பிரித்து வினிகரில் 10 நிமிடம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து நன்றாக அலசுங்கள். கழற்றியது கழற்றியாச்சு, பிராசஸரைத் தொடும் அடிப்பகுதியையும் சமப்படுத்திவிடலாம். தடித்த கண்ணாடிமேல் 400, 800, 1200 எண் என வாட்டர் பேப்பரை வரிசையாக விரித்து, நனைத்துத் தேய்க்கவும். கை ஆடினால் ஓரம் உருண்டுவிடும். பளபளப்பு முக்கியமில்லை, மட்டம்தான் முக்கியம். அக்ரிலிக் மூடியின் ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாக, அரைச் சுற்று அரைச் சுற்றாக முறுக்குங்கள். ஒன்றை மட்டும் இறுக்கினால் துளையோரம் விரிசல் விடும். கம்ப்யூட்டருக்கு வெளியே 24 மணி நேரம் பம்ப்பை ஓட்டி, இணைப்புகளில் டிஷ்யூ சுற்றிக் கசிவு பாருங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் பிளாக் வியர்க்குமா, அதாவது வெளியே நீர்த்துளி பூக்குமா?
– வாசகர், தக்கலை

பதில்: வியர்க்காது. ரேடியேட்டரால் தண்ணீரை அறை வெப்பத்துக்குக் கீழே இறக்க முடியாது. ஐஸ் போட்டால்தான் வம்பு.