கிரெனடா தீவுக்குக் குடும்பத்தோடு குடிபோகிறோம், கிளம்புவதற்கு முன் என்னென்ன தயார் செய்துகொள்ள வேண்டும்?

கேட்டிருப்பவரின் கணவருக்குக் கரீபியன் கடலில் இருக்கும் கிரெனடாவில் மருத்துவக் கல்லூரி ஆசிரியர் வேலை. 4 வயதில் ஒரு பெண் குழந்தை. ஆகஸ்டில் கிளம்ப வேண்டும், பெட்டியில் எதை வைப்பது எதை விடுவது என்று கேட்கிறார். நாங்களும் இதே காரணத்துக்காக, இதே ஆகஸ்ட் மாதத்தில், 2019-இல் திருச்சியிலிருந்து 5 வயது மகளோடு இங்கே வந்தோம். அதனால் பட்டதைப் பட்டபடி எழுதுகிறேன்.

பெட்டியைப் பிறகு பார்க்கலாம். முதலில் வழியைப் பாருங்கள். நம் ஊரிலிருந்து கிரெனடாவுக்கு நேர் விமானம் கிடையாது. லண்டன் வழியாகவோ அமெரிக்கா வழியாகவோதான் பெரும்பாலும் வருகிறார்கள். கிரெனடாவுக்குள் நுழைய எங்களுக்கு முன்கூட்டியே விசா தேவைப்படவில்லை. வேலைக்கான பெர்மிட்டைக் கல்லூரி பார்த்துக்கொண்டது. வழியில் மாறும் நாட்டுக்கான விசாவில்தான் மாட்டிக்கொண்டோம்.

சென்னை விமான நிலையத்தில் அதிகாலை 3 மணி. ஆறு பெட்டிகளும் எடை போட்டாயிற்று. மகள் தள்ளுவண்டியில் பெட்டிக்கு மேலேயே தூங்கிவிட்டாள். கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு, "சார், நீங்க ஹீத்ரோல இறங்கி கேட்விக்ல ஏறணும். இந்த விசா ஏர்போர்ட்டை விட்டு வெளியே வராம மாறுறதுக்கு மட்டும்தான்" என்றார். இரண்டும் லண்டன் விமான நிலையங்கள்தான், ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வெளியே வந்து சாலையிலோ ரயிலிலோதான் போக வேண்டும். அதற்கு நாட்டுக்குள் நுழைய வேண்டும், அதற்கு வேறு வகை டிரான்சிட் விசா. டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்ட் இதைச் சொல்லவே இல்லை. ஆறு பெட்டிகளையும் திரும்ப இழுத்துக்கொண்டு குரோம்பேட்டையில் சித்தி வீட்டில் போய் நின்றோம். மூன்று வாரம் தாமதம், டிக்கெட் பணமும் போச்சு.

ஆகவே டிக்கெட்டில் எந்த விமான நிலையத்தில் இறங்குகிறீர்கள், எதில் ஏறுகிறீர்கள் என்பதை நீங்களே எழுத்து எழுத்தாகப் படியுங்கள். அமெரிக்கா வழி என்றால் விமான நிலையத்துக்குள்ளேயே இருந்து மாறும் வசதி அங்கே கிடையாது. குழந்தை உட்பட மூன்று பேருக்கும் விசா கட்டாயம். என்னைக் கேட்டால் வெறும் டிரான்சிட் விசாவோடு நிறுத்தாதீர்கள். நேரம் இருந்தால் சென்னையிலேயே அமெரிக்க விசிட்டர் விசாவுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். இங்கே வந்த பிறகு அதற்கு விண்ணப்பிக்க பார்படாஸ் தீவின் பிரிட்ஜ்டவுன் நகரத்துக்கு விமானம் ஏற வேண்டும். இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அடுத்தது பெயர். தமிழர்களுக்கென்றே உள்ள தொல்லை இது. என் சான்றிதழில் பெயருக்கு முன்னால் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக. கணவர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டமே காலி. மகளுக்குக் கணவர் பெயர் கடைசியில். ஆக, ஒரே குடும்பத்தில் மூன்று பேருக்கு மூன்று விதம். குடும்பப் பெயர் ஒன்றாக இருந்தால்தான் குடும்பம் என்று பழகிய ஊர்களில், "இந்தக் குழந்தை உங்களுடையதா?" என்று கேட்கத்தான் செய்வார்கள். திருமணப் பதிவுச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், கணவரின் பட்டங்கள் எல்லாவற்றுக்கும் அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் செல்லும்படி நம் அரசு போட்டுத் தருவது) வாங்கிவிடுங்கள். பட்டச் சான்றிதழ் முதலில் மாநில அரசு சரிபார்ப்புக்குப் போய், அப்புறம்தான் வெளியுறவு அமைச்சகத்துக்குப் போகும். இதற்கே வாரக்கணக்கில் ஆகும், அதனால் இன்றே ஆரம்பியுங்கள். சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் பெயர் வேறுபட்டால், இரண்டும் ஒரே நபர்தான் என்று நோட்டரி பத்திரம் ஒன்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழைப் பாஸ்போர்ட் சேவா மூலம் வாங்குங்கள். பாஸ்போர்ட் முடிய இரண்டு வருடம்தான் இருக்கிறது என்றால் வரும் முன்பே புதுப்பிப்பது நல்லது, ஏனென்றால் கிரெனடாவுக்கான இந்தியத் தூதரகம் டிரினிடாட் தீவின் போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரத்தில் இருக்கிறது.

பணம். இங்கே கிழக்குக் கரீபியன் டாலர். 1976-இலிருந்து ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 என்று கட்டிவைத்திருக்கிறார்கள். டாக்சியில் ஏறும் முன், வீட்டு வாடகை பேசும் முன், "எந்த டாலர்?" என்று கேட்டுவிடுங்கள். இங்கே வங்கிக் கணக்கு திறப்பது ஒரே நாளில் முடியாது. உங்கள் ஊர் வங்கியிலிருந்து ஒரு பரிந்துரைக் கடிதம், வேலைக் கடிதம், இங்கத்திய முகவரிச் சான்று எல்லாம் கேட்பார்கள். அதுவரை ஓட்டுவதற்கு மூன்று மாதச் செலவைக் கையில் வைத்திருங்கள். ஊரில் இருக்கும் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ, அதாவது வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான கணக்கு, ஆக்கிவிட்டு வாருங்கள். இன்னொன்று, இந்திய சிம்மை அணைத்துவிடாதீர்கள். ரோமிங் போட்டு உயிரோடு வைத்திருந்தால்தான் ஓடிபி வரும். அது வராமல் எல்ஐசி பிரீமியம் கட்ட முடியாமல் நாங்கள் ஒரு மாதம் தவித்தோம்.

வீடு பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது. ஆகஸ்டிலும் ஜனவரியிலும் மருத்துவ மாணவர்கள் கூட்டமாக வந்து இறங்குவார்கள். கிராண்ட் ஆன்ஸ், ட்ரூ ப்ளூ பக்கம் அந்த நேரத்தில் வீடு கிடைப்பது கஷ்டம், வாடகையும் அமெரிக்க டாலரில் இருக்கும். கல்லூரி தற்காலிகத் தங்குமிடம் தருமென்றால் வாங்கிக்கொண்டு, நேரில் பார்த்தபின் வீடு எடுங்கள். புகைப்படத்தில் கடல் தெரியும், கூரை தெரியாது. இங்கே கூரையைத்தான் பார்க்க வேண்டும்.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் எங்கள் வீட்டுக்கார அம்மா. 2004 செப்டம்பர் 7 அன்று ஐவன் புயல் இந்தத் தீவைத் தாக்கியபோது பத்தில் ஒன்பது வீடுகள் சேதமாயின. அவருடைய கூரை மொத்தமாகப் போய்விட்டது. குளியலறையில் பிள்ளைகளை மெத்தைக்குக் கீழே வைத்துக்கொண்டு இரவைக் கழித்திருக்கிறார். வீடு காட்ட வந்த அன்று அவர் எங்களை முதலில் அழைத்துப் போனது சமையலறைக்கு அல்ல, உத்தரத்துக்குக் கீழே. ஒவ்வொரு கைமரமும் சுவரோடு சேரும் இடத்தில் ஒரு இரும்புப் பட்டை வளைத்து ஆணி அடித்திருந்தது. "இதை எண்ணிப் பார்" என்றார். நாலு பக்கமும் சரிந்த கூரை, இரு பக்கம் மட்டும் சரிந்ததைவிடக் காற்றைத் தாங்கும் என்பதும் அவர் சொன்னதுதான். ஜன்னல்களுக்கு ஷட்டர் இருக்கிறதா, வீட்டுக்கென்று தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா, பின்னால் மண் சரியும் மேடு இருக்கிறதா, இவற்றையெல்லாம் கேளுங்கள். தொட்டி புயலுக்கு மட்டுமல்ல. ஜனவரியிலிருந்து மே வரை வறட்சிக் காலம். 2024-இல் அரசே தண்ணீர் நெருக்கடி அறிவித்துக் கட்டுப்பாடு போட்டது.

புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. நீங்கள் வருவதே அதன் நடுவில். பயப்படச் சொல்லவில்லை, பெரும்பாலான வருடங்கள் மழையோடு போய்விடும். ஆனால் 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் வந்தது. கிரெனடா நாட்டைச் சேர்ந்த கரியாகு என்ற சின்னத் தீவு அன்று ஏறக்குறைய முழுதாகக் கூரையிழந்தது. நாங்கள் பெரிய தீவின் தெற்கில் இருந்ததால் தப்பித்தோம். மின்சாரமும் போனும் மட்டும் போயின. அன்று எனக்குக் கைகொடுத்தவை ஊரிலிருந்து கொண்டுவந்த இரண்டு பொருட்கள்: எல்லாச் சான்றிதழ்களும் இருந்த தண்ணீர் புகாத ஜிப் பை, கைப்பிடியைச் சுற்றினால் எரியும் டார்ச். அவற்றோடு ரொக்கமும் வேண்டும். மின்சாரம் போனால் ஏடிஎம்மும் கார்டும் வேலை செய்யாது.

இப்போது பெட்டி. நல்ல செய்தி என்னவென்றால், கிரெனடாவில் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நம் ஊர் மாதிரியே. மிக்சி, சின்ன டேபிள் டாப் கிரைண்டர் எல்லாம் அப்படியே ஓடும். பிளக் மட்டும் பிரிட்டிஷ் பாணிச் சதுர மூன்று முள், அதற்குத் தாங்கும் அடாப்டர் வாங்குங்கள். இதை எல்லாக் கரீபியன் தீவுக்கும் பொதுவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டிரினிடாட்டிலும் பார்படாஸிலும் 115 வோல்ட்தான், அங்கே நம் மிக்சி திணறும். மிக்சி ஜாரின் வாஷர், குக்கர் கேஸ்கட், விசில், சேஃப்டி வால்வு ஆகியவற்றில் மூன்று நான்கு செட் கூடுதலாகப் போடுங்கள். இவை இங்கே எந்தக் கடையிலும் நான் பார்க்கவில்லை. பட்டுப் புடவைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும். தோல் செருப்பும் அப்படியே. பட்டாளத்து உடை மாதிரி பச்சைத் திட்டு போட்ட துணி, குழந்தைச் சட்டையாக இருந்தாலும் வேண்டாம். பொதுமக்கள் அதை அணிவது இங்கே சட்டப்படி தடை.

செடி, விதை, பச்சைக் கறிவேப்பிலை எதையும் கொண்டுவராதீர்கள். 1994-இல் செம்பருத்தி மாவுப்பூச்சி, அமெரிக்கக் கண்டங்களிலேயே முதலில் இங்கேதான் நுழைந்து மரஞ்செடிகளை நாசமாக்கியது. சுங்கத்தில் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. கறிவேப்பிலை இந்தப் பக்கமே கிடைக்கும். டிரினிடாட்டில் அதற்குக் 'கரப்புலே' என்றே பெயர், நம் சொல்தான் கப்பலேறிப் போயிருக்கிறது. கிரெனடாவுக்கும் 1857 மே 1 அன்று மெய்ட்ஸ்டோன் என்ற கப்பலில் முதல் இந்தியக் கூலித் தொழிலாளர்கள் வந்து இறங்கினார்கள். இன்று தெருவோரத்தில் ரொட்டிக்குள் குழம்பு வைத்து மடித்துத் தருகிறார்களே, அது அவர்கள் கொண்டுவந்ததின் மிச்சம்.

சாப்பாட்டுக்குப் புளி, பெருங்காயம், உளுந்து, சாம்பார்ப் பொடி, இட்லித் தட்டு போதும். மற்றதற்குச் சனிக்கிழமை காலை தலைநகர் செயின்ட் ஜார்ஜஸ் சந்தைக்குப் போங்கள். மரவள்ளி, சேம்பு, வாழைக்காய், பூசணி, தேங்காய், பருவத்தில் பச்சைத் துவரைக் காய், கொய்யா, மாம்பழம். ஜாதிக்காய் இந்த நாட்டுக் கொடியிலேயே இருக்கிறது. மஞ்சள் வேண்டுமென்றால் 'டர்மெரிக்' என்று கேட்டால் விழிப்பார்கள், இங்கே அதற்குப் பெயர் 'சாஃப்ரன்'. குங்குமப்பூ என்று நினைத்து நான் முதல் மாதம் முழுக்க அந்தப் பைகளைத் தாண்டித் தாண்டிப் போனேன்.

இவர்களுடைய தேசிய உணவு ஆயில் டவுன். பெரிய சட்டியில் ஈரப்பலாத் துண்டுகள், வாழைக்காய், மாவுருண்டை, உப்பிட்ட இறைச்சி, மேலே சேம்பு இலை என்று அடுக்கி, மஞ்சள் கலந்த தேங்காய்ப் பால் ஊற்றி, பால் வற்றி எண்ணெய் அடியில் பிரியும்வரை விடுவார்கள். வீட்டுக்கார அம்மா எங்களுக்காக இறைச்சி இல்லாமல் செய்து கொடுத்த அன்று, என் மகள் "அம்மா, இது கூட்டு" என்றாள். சேம்பு இலையை நம் ஊரில் போலவே நன்றாக வேகவிடுங்கள், இல்லையென்றால் தொண்டை அரிக்கும்.

குழந்தைக்காக ஒன்று முக்கியம். கடற்கரையில் மஞ்சினீல் என்ற மரம் உண்டு, சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரி காய்க்கும். கொடிய விஷம். மழையில் அதன் கீழே நின்றால் சொட்டும் நீர் பட்டே தோல் கொப்பளிக்கும். சில இடங்களில் அடிமரத்தில் சிவப்பு பெயின்ட் அடித்திருப்பார்கள், எல்லா இடத்திலும் இருக்காது. முதல் நாளே யாரையாவது கேட்டு மரத்தைக் குழந்தைக்குக் காட்டிவிடுங்கள்.

மருந்து மூன்று மாதத்துக்கு, டாக்டர் சீட்டோடு. சீட்டில் பிராண்ட் பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் எழுதச் சொல்லுங்கள், இங்கே டோலோ என்றால் யாருக்கும் தெரியாது. பல், கண்ணாடி வேலைகளை முடித்துவிட்டு வாருங்கள். தடுப்பூசி அட்டை பள்ளிக்கும் வேண்டும். டெங்கு இங்கேயும் உண்டு, கொசுவலை கொண்டுவாருங்கள். பெரிய சிகிச்சை என்றால் டிரினிடாட், பார்படாஸ் அல்லது மயாமிக்குப் போக வேண்டியிருக்கும். விமானத்தில் அழைத்துச் செல்லும் செலவும் சேர்ந்த காப்பீடாகப் பார்த்து எடுங்கள்.

ஊர் மனிதர்கள் நல்லவர்கள். ஒன்றை மட்டும் பழகிக்கொள்ளுங்கள். கடைக்குள், பஸ்சுக்குள், ஆபீசுக்குள் நுழைந்ததும் முதலில் "குட் மார்னிங்" சொல்ல வேண்டும். சொல்லாமல் விலை கேட்டால் மரியாதை தெரியாதவர் என்று நினைப்பார்கள். இருட்டிய பிறகு வரும்போதே "குட் நைட்" என்பார்கள், அது விடைபெறுவது அல்ல, வணக்கம்.

கடைசியாக, விசா பேச்சுக்குத் திரும்பி வருகிறேன். 2022-இல் திருச்சியில் அம்மா கழுவும் இடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. செய்தி வந்தபோது இங்கே காலை 6 மணி, அங்கே மாலை மூன்றரை. அன்று மாலை விமானத்திலேயே நான் ஏற முடிந்ததற்குக் காரணம், இரண்டாம் முறை கிளம்பும்போது சென்னையில் காத்திருந்து வாங்கிய அந்த அமெரிக்க விசாதான். அப்படியும் வீடு சேர ஒன்றரை நாள் ஆயிற்று. ஆபரேஷனுக்கு முன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ள முடிந்தது. இங்கே எனக்குத் தெரிந்த இன்னொரு குடும்பத்தில் விசா காலாவதியாகியிருந்ததால் தகப்பனார் காரியத்துக்குப் போக முடியவில்லை. அதனால் மூன்று பேரின் விசா முடியும் தேதிகளையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ஊரில் பெற்றோரோடு ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு ஆளைக் கிளம்பும் முன்பே பேசி வையுங்கள், அவர் நம்பரை அவர்கள் போனில் முதல் பெயராகப் போட்டுக்கொடுங்கள்.