மெயில் சர்வர் பேக்கப்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: எங்கள் எக்ஸ்சேஞ்ச் சர்வர் (மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வர்) விர்ச்சுவல் மெஷினில், அதாவது மென்பொருளால் உருவாக்கிய கணினியில் ஓடுகிறது. இரவுதோறும் மெஷின் முழுவதையும் பேக்கப் எடுக்கிறோம். அறிக்கையும் 'வெற்றி' என்றே வருகிறது. ஆனாலும் லாக் டிரைவ் நிறைந்து டேட்டாபேஸ் இரண்டு முறை நின்றுவிட்டது. இதற்கும் பேக்கப்புக்கும் தொடர்பு உண்டா?

ப: நேரடித் தொடர்பு உண்டு. எக்ஸ்சேஞ்சில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் முதலில் 1 எம்.பி. லாக் கோப்புகளில் எழுதப்பட்டு, பிறகுதான் டேட்டாபேஸுக்குப் போகும். முழு பேக்கப் முடிந்த சேதி எக்ஸ்சேஞ்சுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பழைய லாக்குகள் தாமாக அழியும். அந்தச் சேதியைக் கொண்டுசேர்ப்பது, ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளோடு பேசி பேக்கப் எடுக்க உதவும் விண்டோஸின் வி.எஸ்.எஸ். சேவை. உங்கள் மென்பொருள் மெஷினின் டிஸ்க்கை வெளியிலிருந்து மட்டும் பிரதி எடுப்பதால் அந்தச் சேதி போகவில்லை என்றே தெரிகிறது.

மூன்று இடங்களைப் பாருங்கள். பேக்கப் வேலையின் அமைப்பில் 'அப்ளிகேஷன் அவேர்' வசதி (மெஷினுக்குள் ஓடும் மென்பொருளோடும் பேசி பேக்கப் எடுப்பது) இயங்குகிறதா, அதற்குக் கொடுத்த விண்டோஸ் கணக்கின் கடவுச்சொல் இன்னும் செல்லுபடியாகிறதா என்பது முதலாவது. அடுத்தது பேக்கப் வகை: 'காப்பி' வகை லாக்குகளை அழிக்காது, 'ஃபுல்' வகைதான் அழிக்கும். மூன்றாவதாக, எக்ஸ்சேஞ்ச் ஷெல்லில் (கட்டளைகளை எழுதும் திரையில்) டேட்டாபேஸின் 'லாஸ்ட் ஃபுல் பேக்கப்' தேதியைக் கேளுங்கள். அது காலியாகவோ பழையதாகவோ இருந்தால், மென்பொருள் எத்தனை 'வெற்றி' காட்டினாலும் எக்ஸ்சேஞ்சைப் பொறுத்தவரை பேக்கப் நடக்கவே இல்லை.

டிரைவ் நிறைந்தவுடன் லாக்குகளைக் கையால் அழிப்பதுதான் இதில் பெரிய ஆபத்து. இன்னும் டேட்டாபேஸுக்குள் போகாத மாற்றங்கள் அவற்றில் இருக்கலாம். டேட்டாபேஸ் நின்ற நிலையில் எக்ஸ்சேஞ்சின் டேட்டாபேஸ் கருவியான இ.எஸ்.இ.யூட்டில் (eseutil) கட்டளையை எம்.ஹெச். சுவிட்சுடன் (/mh) ஓட்டினால், டேட்டாபேஸ் 'கிளீன் ஷட்டவுன்' நிலையில் (எல்லா மாற்றங்களும் உள்ளே போய்விட்டன) இருக்கிறதா, 'டர்ட்டி ஷட்டவுன்' நிலையில் (சில இன்னும் லாக்குகளில்தான்) இருக்கிறதா, எந்த எண் லாக்குகள் தேவை என்பதெல்லாம் தெரியும். டர்ட்டி என்றால் ஒரு லாக்கையும் தொடாதீர்கள். விர்ச்சுவல் டிஸ்க்கைச் சில ஜி.பி. பெரிதாக்கி, டேட்டாபேஸை மவுன்ட் செய்து (மீண்டும் இயங்க வைத்து), உடனே முறையான முழு பேக்கப் எடுங்கள். அதே கட்டளையின் பி சுவிட்ச் (/p) படிக்க முடியாத பக்கங்களைத் தூக்கி எறிந்துவிட்டு 'சரிசெய்யும்'. வேறு வழியே இல்லாதபோது, அதுவும் கோப்பின் பிரதியில் மட்டுமே அதை ஓட்ட வேண்டும்.

கே: சுமார் 50 மெயில்பாக்ஸ், மொத்தம் 500 ஜி.பி. கிளவுட் பேக்கப் மட்டும் போதுமா, அலுவலகத்திலும் ஒரு பிரதி வேண்டுமா?

ப: எடுப்பதை விட்டுவிட்டு, திரும்பக் கொண்டுவருவதிலிருந்து கணக்குப் போடுங்கள். 100 எம்.பி.பி.எஸ். இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் நொடிக்கு 12.5 எம்.பி.தான். 500 ஜி.பி. இறங்க 11 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடைமுறையில் இன்னும் அதிகம். அதே தரவு அலுவலகத்திலுள்ள சேமிப்பகத்திலிருந்து 1 ஜி.பி.பி.எஸ். நெட்வொர்க் வழியாக வந்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியலாம். ஒரு வேலைநாள் முழுக்க மெயில் இல்லாமல் உங்கள் அலுவலகம் தாங்குமா? தாங்காது என்றால் உள்ளூர்ப் பிரதி கட்டாயம். கிளவுட் பிரதி தீவிபத்துக்கும் திருட்டுக்குமானது, அதையும் விடக்கூடாது.

எவ்வளவு மெயிலை இழக்கலாம் என்பதையும் நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். இரவு ஒருமுறை மட்டும் எடுத்தால், மாலை 5 மணிக்கு டிஸ்க் போகும்போது அந்த நாள் முழுவதும் போகும். மணிக்கொரு முறை மாற்றங்களை மட்டும் எடுப்பது பெரும்பாலான அலுவலகங்களுக்குச் சரியாக வரும்.

சர்வர் விழுந்திருக்கும் நேரத்தில் வெளியிலிருந்து வரும் மெயில் உடனே தொலைந்துவிடாது. அனுப்பும் சர்வர்கள் அதை வரிசையில் வைத்து மீண்டும் மீண்டும் முயலும். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் அனுப்பும் மென்பொருளில் இயல்பாக 5 நாள் வரை. சில சர்வர்கள் அதற்கு முன்பே கைவிடும் என்பதால் ஒரு நாளுக்கு மேல் அதை நம்பியிருக்க வேண்டாம். எக்ஸ்சேஞ்சில் 'டயல் டோன்' முறையும் இருக்கிறது: காலி டேட்டாபேஸ் ஒன்றை ஏற்றி அனுப்புவதையும் பெறுவதையும் உடனே தொடங்கிவிட்டு, பழைய மெயிலை ரெக்கவரி டேட்டாபேஸ் வழியாகப் பின்னால் சேர்ப்பது. 500 ஜி.பி. அளவில் இதைத் தெரிந்துவைத்திருப்பது மிகவும் உதவும்.

உங்களுக்கு அடிக்கடி வரப்போகும் கோரிக்கை 'ஒரு மெயிலை அழித்துவிட்டேன்' என்பதுதான். அதற்கு பேக்கப்பைத் தொடவே தேவையில்லை. எக்ஸ்சேஞ்ச் அழித்த மெயிலை இயல்பாக 14 நாள் வைத்திருக்கும்; டிஸ்க்கில் இடமிருந்தால் 30 ஆக்குங்கள்.

கே: எங்கள் சர்வரில் மெயிலை அனுப்பிப் பெற போஸ்ட்ஃபிக்ஸும், பயனர்களுக்கு மெயில்பாக்ஸைத் தர டவ்காட்டும் ஓடுகின்றன. மெயில்கள் இருக்கும் மெயில்டைர் கோப்புறையை ஆர்சிங்க் என்ற பிரதி எடுக்கும் கருவி மூலம் இன்னொரு கணினிக்கு இரவில் பிரதி எடுக்கிறோம். அடிக்கடி 24 என்ற பிழை எண் வருகிறது. பேக்கப் சரியானதுதானா?

ப: பட்டியல் எடுத்தபோது இருந்த கோப்பு பிரதி எடுக்கும்போது காணோம் என்பதே 24. மெயில்டைரில் ஒரு மெயில் ஒரு கோப்பு. அதைப் படித்தவுடன் பெயர் மாறும், 'நியூ' கோப்புறையிலிருந்து 'கர்' கோப்புறைக்கும் போகும். ஆகவே பிழை எண்ணே பெரிய கவலை இல்லை. ஆனால் நகர்ந்துகொண்டிருக்கும் கோப்புகளின் பிரதி, எந்த ஒரு நொடியின் முழு நிலையும் அல்ல. எல்.வி.எம். அல்லது இசட்.எஃப்.எஸ். (லினக்ஸ் போன்றவற்றின் டிஸ்க் மேலாண்மை வசதிகள்) கொண்டு ஸ்னாப்ஷாட் ஒன்றை, அதாவது அந்த நொடியில் உறைந்த நிலையை எடுத்து அதிலிருந்து பிரதி எடுத்தால் இந்தச் சிக்கல் தீரும்.

அதைவிடப் பெரிய குறை வேறு. 'டிலீட்' விருப்பத்துடன் ஒரே பிரதியை வைத்திருந்தால், இன்று பயனர் அழித்த கோப்புறை இன்றிரவே பிரதியிலும் அழியும். பழைய நிலைகளையும் வைத்திருக்கும் 'ரெஸ்டிக்' (restic) அல்லது 'போர்க்' (Borg) என்ற பேக்கப் கருவிக்கு மாறுங்கள். தினப் பிரதி 14, வாரப் பிரதி 8, மாதப் பிரதி 12 என்பது நல்ல தொடக்கம். இரண்டிலுமே கடவுச்சொல் தொலைந்தால் தரவும் தொலைந்ததுதான். அதை அச்சிட்டு, சர்வருக்கு வெளியே பூட்டி வையுங்கள்.

டவ்காட்டின் சொந்த 'டவ்அட்மின் பேக்கப்' கட்டளையும் நல்லதே. ஆனால் அது சேருமிடத்தை மூலத்தைப் போலவே ஆக்கிவிடும். திசையை மாற்றிக் கொடுத்தால் நல்ல மெயில்பாக்ஸ் காலியாகும். ஓட்டும் முன் இரண்டு முறை படியுங்கள்.

மெயில் மட்டும் போதாது. போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் அமைப்புக் கோப்புகள், பயனர் கணக்குகள் உள்ள டேட்டாபேஸ், இணைப்பை மறைகுறியாக்கும் டி.எல்.எஸ். சான்றிதழ்கள், மெயில் உங்களுடையதுதான் என்று கையொப்பமிடும் டிகிம் தனிச்சாவி, மெயிலைத் தானாகப் பிரிக்கும் பயனர்களின் சீவ் விதிகள் எல்லாம் பட்டியலில் இருக்க வேண்டும். டிகிம் சாவி தொலைந்தால் புதிதாக உருவாக்கி டி.என்.எஸ்.ஸில் ஏற்ற வேண்டும். அதுவரை உங்கள் மெயில் பலருடைய ஸ்பேம் பெட்டிக்குப் போகலாம். ஒவ்வொரு மெயிலுக்கும் கொடுத்த எண்ணைப் பதிந்துவைக்கும் 'டவ்காட்-யு.ஐ.டி.லிஸ்ட்' கோப்புகளைத் தேவையற்றவை என்று விலக்கிவிடாதீர்கள். அவை இல்லாமல் மீட்டால் ஒவ்வொரு பயனரின் கணினியும் எல்லா மெயிலையும் மறுபடி இறக்கத் தொடங்கி, நெட்வொர்க் திணறும். கோப்புகளின் உரிமையாளர் எண்ணையும் கவனியுங்கள்: பழைய சர்வரில் 5000, புதியதில் வேறு எண் என்றால் எல்லாக் கோப்புகளும் வந்தும் டவ்காட்டால் ஒன்றையும் திறக்க முடியாது.

கே: ரெய்டு 1 (ஒரே தரவை இரண்டு டிஸ்க்கில் எழுதுவது) இருக்கிறது, இன்னொரு சர்வருக்கு ரெப்ளிகேஷனும் (மாற்றங்களை உடனுக்குடன் பிரதி எடுப்பது) இருக்கிறது. பேக்கப் தேவையா?

ப: தேவை. இரண்டும் வன்பொருள் பழுதுக்கானவை. தவறான அழிப்பு நொடிகளில் இரண்டாவது சர்வருக்கும் போய்விடும்.

கே: கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் பேக்கப்பும் பூட்டப்படும் என்கிறார்களே?

ப: பேக்கப் சர்வரை அலுவலக டொமைனில் (எல்லாக் கணினிகளையும் கணக்குகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பில்) சேர்த்து, அதே நிர்வாகி கணக்கால் நுழையும்படி வைத்தால் அப்படித்தான் ஆகும். டொமைனுக்கு வெளியே, தனிக் கடவுச்சொல்லும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் கொண்டு வையுங்கள். மெயில் சர்வர் பேக்கப்பைத் தள்ளுவதைவிட, பேக்கப் சர்வர் வந்து இழுத்துக்கொள்வது பாதுகாப்பு. கிளவுட் பிரதியில் 'ஆப்ஜெக்ட் லாக்' வசதியைக் 'கம்ப்ளையன்ஸ்' முறையில் போட்டால் குறித்த நாள்வரை யாராலும் அழிக்க முடியாது. ஊடுருவியவர்கள் வாரக்கணக்கில் உள்ளேயே இருந்துவிட்டுத்தான் பூட்டுவார்கள் என்பதால் 7 நாள் பூட்டு போதாது. 30 நாளாவது வையுங்கள்.

கே: மீட்டெடுப்பை எப்படிச் சோதிப்பது? ஓடும் சர்வரைத் தொட பயமாக இருக்கிறது.

ப: ஓடும் சர்வரைத் தொடவே வேண்டாம். மாதம் ஒருமுறை ஒரு மெயில்பாக்ஸின் ஒரு கோப்புறையை வேறு பெயரில் மீட்டு, மெயில் எண்ணிக்கையை ஒப்பிட்டு, இணைப்புள்ள ஒரு பழைய மெயிலைத் திறந்து பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழு சர்வரையும் தனி நெட்வொர்க்கில் எழுப்புங்கள். ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஆன நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்சேஞ்சின் அமைப்புகளில் பெரும்பகுதி ஆக்டிவ் டைரக்டரியில் (டொமைனின் கணக்குகளும் அமைப்புகளும் உள்ள டேட்டாபேஸில்) இருப்பதால், அதை வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலர் சர்வரின் பிரதியையும் அதே தனி நெட்வொர்க்கில் முதலில் எழுப்ப வேண்டும்.

எழுப்பும் முன் அந்த மெஷினுக்கு இணையமோ அலுவலக நெட்வொர்க்கோ எட்டவில்லை என்று உறுதிசெய்யுங்கள். பேக்கப் எடுத்த நேரத்தில் வரிசையில் காத்திருந்த மெயில்கள் அதிலும் இருக்கும். இணைப்பு கிடைத்த கணமே போஸ்ட்ஃபிக்ஸ் அவற்றை மறுபடி அனுப்பிவிடும். வாடிக்கையாளருக்குப் பழைய விலைப்பட்டியல் இரண்டாம் முறை போய்ச் சேரும்.