சிரா ஒயின்: ஊர் மாறினால் ருசி ஏன் மாறுகிறது?

கேள்வி: கடையில் சிரா என்றும் ஷிராஸ் என்றும் பாட்டில்கள் இருக்கின்றன. இரண்டும் ஒன்றா?

ஒரே திராட்சைதான். பிரெஞ்சுக்காரர்களுக்கு சிரா, ஆஸ்திரேலியர்களுக்கு ஷிராஸ். ஈரானின் ஷிராஸ் நகரிலிருந்து வந்த கொடி என்ற கதையை 1998இல் நடந்த மரபணு ஆய்வு முடித்துவைத்தது. தூரேசா, மொந்தூஸ் பிளான்ஷ் ஆகிய இரண்டு கொடிகளுக்குப் பிறந்தது இது. இரண்டுமே தென்கிழக்கு பிரான்ஸைச் சேர்ந்தவை. இப்போது பெயரே பாணியையும் சொல்லிவிடுகிறது. ஆஸ்திரேலியாவிலேயே ஒருவர் 'சிரா' என்று லேபிள் ஒட்டினால், பெரும்பாலும் கனம் குறைந்த, மிளகு வாசமுள்ள ஒயினை எதிர்பார்க்கலாம்.

கேள்வி: மிளகு வாசமா? எனக்கு ஒருமுறைகூடத் தெரிந்ததில்லையே!

யாரும் மிளகு சேர்ப்பதில்லை. ரோட்டண்டோன் என்ற பொருள் திராட்சையின் தோலில் உருவாகிறது. நம் அஞ்சறைப்பெட்டி மிளகுக்கு மணம் தருவதும் இதே பொருள்தான். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் இதை வெளியிட்டார்கள். பழம் குளிரில் மெதுவாகப் பழுத்தால் இது அதிகம் சேரும். குலைமேல் வெயில் நேராக அடித்தால் குறையும். ஊருக்கு ஊர் ருசி மாறுவதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. ஐந்தில் ஒருவருடைய மூக்கு ரோட்டண்டோனைப் பிடிப்பதே இல்லை. உங்களுக்கு ரசனை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி: பிரான்ஸின் ரோன் பள்ளத்தாக்கின் வடபகுதிக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம் ஏன்?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. வடக்கே கோத் ரோத்தி, தெற்கே கோர்னாஸ். நடுவில் சுமார் 60 கிலோமீட்டர்தான். கோத் ரோத்தி என்றால் 'வறுபட்ட சரிவு'. நிற்கவே கால் நடுங்கும் செங்குத்துச் சரிவில், கல்லடுக்கிக் கட்டிய படிகளில் கொடி வளர்க்கிறார்கள். வியோனியே என்ற வெள்ளைத் திராட்சையை 20 சதவீதம் வரை சேர்த்து நொதிக்கவைக்க அங்கே அனுமதி உண்டு. அதனால் பூவாசம் தூக்கலாக இருக்கும். கோர்னாஸில் சிராவைத் தவிர வேறெதற்கும் இடமில்லை. வடக்கிலிருந்து வீசும் மிஸ்ட்ரல் காற்றைக் குன்றுகள் தடுப்பதால் வெப்பம் அதிகம், பழம் முந்திப் பழுக்கும். கருங்கல் மண்ணில் விளைந்த அந்த ஒயின் இளமையில் நாக்கைத் துவர்ப்பால் இறுக்கும், பொறுத்திருப்பவர்களுக்கே இளகும். எர்மிதாஜ் இரண்டுக்கும் நடுவில், ஆற்றோரத்தில் தெற்கு நோக்கி நிற்கும் ஒற்றைக் குன்று. நல்ல ஆண்டில் செய்தது 20 வருடம் தாராளமாகத் தாங்கும்.

கேள்வி: தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசா ஷிராஸ் ஜாம் மாதிரி இருக்கிறது என்று நண்பர்கள் ஒதுக்குகிறார்கள். சரியா?

அவசரத் தீர்ப்பு. ஜேம்ஸ் பஸ்பி 1832இல் ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கொடித்துண்டுகளைக் கொண்டுவந்தார். பிறகு ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபைலோக்செரா என்ற வேர்ப்பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழையவே இல்லை. அதனால் 1840களில் நட்ட கொடிகள் பரோசாவில் இன்றும் காய்க்கின்றன. வறண்ட வெயிலில் சர்க்கரை ஏறுவதால் ஆல்கஹால் 14.5 சதவீதத்தைத் தாண்டுவது அங்கே சாதாரணம். தேங்காய், வனிலா வாசம் வந்தால் அது அமெரிக்க ஓக் பீப்பாயின் வேலை. பக்கத்திலேயே உயரத்தில் இருக்கும் ஈடன் பள்ளத்தாக்கின் ஷிராஸை ஒருமுறை அருகில் வைத்துக் குடித்துப் பாருங்கள். சில நூறு மீட்டர் உயரம் என்ன செய்யும் என்பது புரியும்.

கேள்வி: நாசிக் ஷிராஸ்?

அங்கே மழைக்காலம் முடியும் நேரத்தில் கவாத்து செய்து, ஜனவரி முதல் மார்ச்சுக்குள் அறுக்கிறார்கள். பழச்சுவை முன்னால் நிற்கும், சீக்கிரம் குடிப்பதற்கானது.

கேள்வி: மிளகு போட்ட மட்டன் வறுவலுக்கு எது பொருந்தும்?

காரத்தின் எரிச்சலை ஆல்கஹால் கூட்டிவிடும். அதனால் 15 சதவீத பரோசா வேண்டாம். எர்மிதாஜ் குன்றைச் சுற்றி விளையும், 13 சதவீதத்தை ஒட்டிய குரோஸ் எர்மிதாஜ் ஒயினை வாங்குங்கள். சென்னை அறையின் சூட்டில் அப்படியே ஊற்றாமல், அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். 16, 17 டிகிரியில்தான் மிளகு வாசம் தெளிவாக எழும்.